தையற்காரரின் பேரன் தாமஸ் மன்றோ

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் குலத்துக்கு ஒரு துணி உண்டு என்பது உலகறிந்த செய்தி. பல நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கட்டங்களாய் அமையும் அந்தக் கம்பளித் துணியை டார்டன் என்பர். இன்ன குலத்தார்க்கு இன்ன கட்டம் என்னும் வகுப்பு மிகத் தொன்மையானது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அதன் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதே. தம் குலமரபு தெளிவாகத் தெரியாத ஸ்காட்லாந்தியர், எந்தக் கட்டத்தை உடுப்பது என்று அன்று தேடத் தொடங்கினர். அத்தேடல் இன்றும் ஓயவில்லை. அதே காலத்தில் சேர்வராயன் மலையைச் சூழ்ந்த நாட்டில் ஆட்சிப்பணி பயின்று, சென்னை மாகாணத்தின் கவர்னராக உயர்ந்தவர் சர் தாமஸ் மன்றோ.

மன்றோ 1761 மே 27 அன்று கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்போது மலைநாட்டு உடைக்குத் தடை இருந்தது. 1745இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய அரசு, 1746இல் இயற்றிய சட்டத்தால் அவ்வுடையை விலக்கியது. படைவீரர் மட்டுமே அதை அணியலாம். அத்தடை 1782இல்தான் நீங்கிற்று. மன்றோ என்பது வடக்கே பவுலிஸ் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட மலைநாட்டுக் குலத்தின் பெயர். அக்குலத்தின் முன்னோர் அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரையிலிருந்து வந்தனர் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. ஆனால் தாமஸின் பாட்டனார் கிளாஸ்கோவில் தையற்காரர். தந்தையார் வர்ஜீனியாவுடன் புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் பெருநட்டம் அடைந்தார். மகனுக்கு அவர் விட்டுவைத்தவை கல்வியும் பெயருமே.

1780 சனவரியில் மன்றோ காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னையில் இறங்கினார். ஹைதர் அலியின் மீது சென்ற படைக்கு அப்போது தலைவர் ஹெக்டர் மன்றோ. பெயர் ஒன்றே, நிலை வேறு. ஹெக்டர் மலைநாட்டு நிலக்கிழார், பக்சார் போரில் வென்றவர். தாமஸோ சிபாரிசுக்கு ஆளின்றி வந்த இளைஞர். அதே ஆண்டில் சென்னை வந்த மலைநாட்டுப் படைப்பிரிவின் வீரர் பலர் பொள்ளிலூர்ப் போரில் மாண்டனர். உறவுப் பெயர் உயர்வு தரும் என்று தாமஸ் காத்திருக்கவில்லை. பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். ஷைலக்கின் கதையை ஒத்த பாரசீகக் கதையொன்றை அவர் மொழிபெயர்த்தனுப்ப, அது மலோன் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் நூலில் இடம்பெற்றது.

1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் வசமாயின. அலெக்ஸாண்டர் ரீட் என்பாரின் உதவியாளராக மன்றோ 1799 வரை அங்கே பணிபுரிந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்தார். அந்நாட்டின் மலைகளும் மரங்களும் அவர் நெஞ்சைப் பிணித்தன. பிரியும்போது பெரிதும் வருந்தினார்.

அந்நாட்டின் தெற்கே நிற்பது சேர்வராயன் மலை. ஏற்காட்டைச் சூழ்ந்து வாழும் மலையாளிகள், தம் முன்னோர் காஞ்சிபுரத்து வேளாளர் என்பர். அண்ணன் தம்பியர் மூவருள் மூத்தவன் சேர்வராயன் மலைக்கும், நடுவன் பச்சைமலைக்கும், இளையவன் கொல்லிமலைக்கும் சென்றதாக அவர்தம் மரபுக்கதை கூறுகிறது. ரோ ஆற்றுக் கதையும் காஞ்சிக் கதையும் ஓரினமே. இரண்டுக்கும் ஓலைச்சான்று இல்லை. ஆயினும் வந்த வழியை மறவாதிருக்க விரும்பும் மனம் இரண்டிலும் உண்டு.

ரீட்டும் மன்றோவும் வகுத்த ரயத்துவாரி முறை, நிலத்தை அளந்து, உழுபவன் பெயரைக் கணக்கில் எழுதி, அவனுக்கே பட்டா வழங்கியது. 1793இல் வங்காளத்தில் ஏற்பட்ட முறையோ பரம்பரை ஜமீன்தாரைத் தேடியது. மன்றோ சென்றபின் சேலம் நாடும் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டது. ரயத்துவாரி குறையற்றதன்று. வரி விகிதம் உழவரை வருத்தியது. அதைக் கால்பங்கு குறைக்க 1807இல் மன்றோவே பரிந்துரைத்தும் மேலிடம் உடனே ஏற்கவில்லை.

தாயகம் திரும்பியிருந்தபோது 1813இல் அவர் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். தாம் ஏழாண்டு பயன்படுத்திய இந்தியச் சால்வையில் மிகச் சிறிதே மாற்றம் கண்டதாகவும், ஐரோப்பியச் சால்வையை இலவசமாகக் கொடுத்தாலும் அணியப்போவதில்லை என்றும் அவர் கூறியது பலரை வியப்பில் ஆழ்த்தியது. தையற்காரரின் பேரன் துணியைத் தரத்தால் மதிப்பிட்டார்.

இரண்டே ஆண்டில், 1815இல், இலண்டன் மலைநாட்டுக் கழகம் குலத்தலைவர்களிடம் அவரவர் டார்டன் மாதிரியைக் கேட்டது. தலைவர் பலருக்கே தம் கட்டம் இன்னதெனத் தெரியவில்லை. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்து டார்டன் அணிந்தார். வால்டர் ஸ்காட் வகுத்த அவ்விழாவுக்காக, மலைநாட்டோடு தொடர்பில்லாத சமவெளிக் குடும்பத்தாரும் கட்டம் தேடி அலைந்தனர். பானக்பர்னின் வில்சன் நெசவாலை பல கட்டங்களுக்குப் பெயரிட்டு விற்றது.

அவ்வாண்டு சூன் 25 அன்று, கவர்னர் மன்றோ மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகள் உண்டென அக்கணக்கு காட்டியது. அந்நாளில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன், ஏற்காட்டில் காப்பியும் ஆப்பிளும் பேரியும் பயிரிடச் செய்து, ஏற்காட்டின் தந்தை எனப் பெயர் பெற்றார். அவரது பெயரும் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறச் சமவெளிக்கு உரியது. மலைநாட்டுக் குலத்தினது அன்று.

குலம் ஐயத்துக்குரியதானால் தாய்வழிக் கட்டத்தைக் கொள்ளலாம். பிறந்த ஊரின் கட்டத்தையும் கொள்ளலாம் என்பது ஸ்காட்லாந்தியர் கண்ட வழி. இன்னார் இன்னதை உடுக்கலாகாது என்று சட்டமில்லை. மன்றோ குலத்துக்குச் சிவப்புக் கட்டம் உண்டு. கிளாஸ்கோ நகருக்கும் ஒரு கட்டம் உண்டு. தையற்காரரின் வழித்தோன்றல் எவருக்கும் இரண்டும் பொருந்தும்.

1827 சூலை 6 அன்று பத்திகொண்டாவில் மன்றோ காலராவால் மறைந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831இல் சென்னைப் புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இராயலசீமை மக்கள் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா, மன்றோலம்மா என்று பெயரிட்டனர். தமக்கு எவ்வகையிலும் உறவில்லாத உழவர் குடும்பங்களில் அவர் பெயர் வழங்கியது. கோட்டையும் குலத்தலைவரும் அளிக்காத அவ்வுரிமையை, வயல்வெளிக் கூடாரங்களில் கழிந்த ஆண்டுகள் அவருக்கு ஈட்டித் தந்தன.