பூட்டிய கடிதத்தைத் திறந்து காட்டிய அல் கிந்தி

அலுவலகத்தில் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் மின்னஞ்சல் பார்க்கும் பிள்ளைகள் இன்று நம்மில் பல வீடுகளில் இருக்கிறார்கள். சில மின்னஞ்சல்களின் மேல் ஒரு சிறிய பூட்டுப் படமும், சிலவற்றில் முத்திரை போன்ற ஒரு படமும் தெரியும். பூட்டு என்றால் உள்ளே இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாது. முத்திரை என்றால் அனுப்பியவர் அவரேதான், வழியில் யாரும் திருத்தவில்லை. அந்தப் பூட்டு ஏன் அவ்வளவு சிக்கலான கணக்கால் செய்யப்பட்டிருக்கிறது என்று தேடிக்கொண்டே போனால், ஏறக்குறைய 1,150 ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் அறிஞரிடம் போய் நிற்போம்.

அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல் கிந்தி 801ஆம் ஆண்டு வாக்கில் கூஃபாவில் பிறந்தார். தந்தை அந்நகரின் ஆளுநர். கிந்தா கோத்திரத்தைச் சேர்ந்த நபித்தோழர் அஷ்அஸ் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் வழிவந்த குடும்பம். இளமையிலேயே பக்தாத் வந்தார். கலீஃபா மஃமூன் ஆட்சி செய்த காலம் அது (813–833). கிரேக்க, சிரியாக், பாரசீக, இந்திய நூல்கள் எல்லாம் அரபிக்கு வந்துகொண்டிருந்தன. அல் கிந்தி மொழிபெயர்ப்பாளர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, அவர்கள் கொண்டுவந்த பிரதிகளைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். மஃமூனுக்குப் பின் வந்த முஃதஸிம் தன் மகன் அஹ்மதுக்கு அவரையே ஆசிரியராக அமர்த்தினார்.

அவர் எழுதாத துறை குறைவு. இந்திய எண்களைப் பற்றி எழுதினார், மருந்தின் அளவைக் கணக்கிடும் முறையை எழுதினார், அத்தர் காய்ச்சும் முறைகளைக்கூட எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் இப்னு நதீம் தயாரித்த நூற்பட்டியலில் அல் கிந்தியின் பெயரில் 200க்கும் அதிகமான தலைப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை.

இனி கடிதங்களுக்கு வருவோம். கடிதத்தை நம்புவது எப்படி என்ற கேள்வி நம் வரலாற்றில் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. முத்திரை இல்லாத கடிதத்தை ரோம ஆட்சியாளர்கள் படிப்பதில்லை என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்று செய்து அதில் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். அந்தத் தடையில்தான் விஷயமே இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே முத்திரை இருந்தால் அது யாருடைய முத்திரையும் அல்ல.

முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் வேறொரு சம்பவம் நடந்தது. ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் கொடுக்கும்படி ஈராக் ஆளுநருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். பணம் பெற வேண்டியவரே அதைப் பிரித்து, இரண்டு லட்சமாக மாற்றிவிட்டார். கணக்கு திரும்பி வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அதன் பிறகே முத்திரைக்கென்று தனி அலுவலகமாக தீவானுல் காதம் ஏற்பட்டது. கடிதங்களைப் பதிவு செய்து, கட்டி, முத்திரையிட்டு அனுப்பினார்கள்.

முத்திரை கடிதத்தைத் திருத்தாமல் காக்கும், ரகசியத்தைக் காக்காது. பிரித்துப் படித்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தோ குறியோ போட்டு எழுதும் வழக்கம் இருந்தது. இதை அரபியில் முஅம்மா என்றார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் எது மாற்று என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது புரியும். மாற்றி அமைக்கும் வழிகள் எண்ணில் அடங்காதவை என்பதால், ஒவ்வொன்றாகச் சோதித்துத் திறக்க ஒருவரின் ஆயுள் போதாது. ஆகவே இது பாதுகாப்பானது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அல் கிந்தி அந்த நம்பிக்கையை ஒரு சிறு ரிஸாலாவில் உடைத்தார். ஒரு மொழியில் எல்லா எழுத்தும் சம அளவில் வருவதில்லை. குர்ஆன் ஓதும் பிள்ளைகளிடம் கேட்டாலே, அலிஃபும் லாமும் எத்தனை முறை வருகின்றன, ளா எவ்வளவு அரிதாக வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். அல் கிந்தி இதை எண்ணிப் பார்த்தார். முதலில் சாதாரண அரபு எழுத்தை நீளமாக எடுத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று வரிசைப்படுத்த வேண்டும். பிறகு மறைத்து எழுதிய கடிதத்தில் உள்ள குறிகளையும் அதேபோல் எண்ண வேண்டும். அதிகம் வரும் குறி அலிஃபாக இருக்கலாம், அடுத்தது லாமாக இருக்கலாம். இப்படிப் பொருத்திக்கொண்டே போனால் கடிதம் தானாகத் திறக்கும்.

எண்ணுவதோடு அவர் நிற்கவில்லை. சேர்ந்து வராத எழுத்துகளைக் கவனிக்கச் சொன்னார். ஐனும் கைனும் ஒரே வேர்ச்சொல்லில் அடுத்தடுத்து வராது என்பது அரபு படித்தவர்களுக்குத் தெரியும். கடிதம் பிஸ்மில்லாஹ்வில்தான் தொடங்கும் என்ற வழக்கத்தையும் ஒரு சாவியாக்கினார். முன்னதாக பஸ்ராவின் மொழியியல் மேதை கலீல் இப்னு அஹ்மத் இப்படித் தொடக்கச் சொற்களை ஊகித்தே ஒரு கிரேக்க மறைகடிதத்தைத் திறந்ததாகச் சொல்வார்கள். தன் முறையின் எல்லையையும் அல் கிந்தி மறைக்கவில்லை. கடிதம் மிகச் சிறியதாக இருந்தால் எண்ணிக்கை பொய் சொல்லும் என்று எச்சரித்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

இந்த ரிஸாலா பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா நூலகத்தில் கிடந்தது. 1987இல் டமாஸ்கஸில் அறிஞர்கள் அதைப் பதிப்பித்த பிறகுதான், மறைகடிதத்தை எண்ணிக்கையால் திறக்கும் கலையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் இதுவே என்பது உலகுக்குத் தெரிந்தது.

இன்றைய மின்னஞ்சல் பூட்டு அல் கிந்தியின் எண்ணிக்கைக்கு இடம் கொடுக்காதபடி செய்யப்பட்டது. பூட்டிய பின் எந்தக் குறியை எண்ணினாலும் ஏறக்குறைய சம அளவில்தான் வரும். மொழியின் வாடையே இருக்காது. சாவியும் ஒன்றல்ல, இரண்டு. பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம், அதைக் கொண்டு நமக்குப் பூட்டி அனுப்புவார்கள். தனிச் சாவி நம்மிடம் மட்டுமே இருக்கும், அதனால்தான் திறக்க முடியும். கையொப்பமும் அந்தத் தனிச் சாவியால்தான் இடப்படுகிறது. அனுப்பிய பின் ஓர் எழுத்து மாறினாலும் மென்பொருள் எச்சரித்துவிடும். ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாக்க முடியாது. இந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் தரும் அத்தாட்சியே டிஜிட்டல் சான்றிதழ்.

இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. பூட்டி அனுப்பினாலும் தலைப்பு வரி பெரும்பாலும் திறந்தே போகும்; ரகசியத்தை அங்கே எழுதக் கூடாது. தனிச் சாவியின் பிரதியை எடுத்து வைக்காமல் கணினியை மாற்றிவிட்டால், பூட்டி வந்த பழைய மின்னஞ்சல்களை நம்மாலேயே திறக்க முடியாது. சான்றிதழின் காலம் முடிந்தாலும் பழைய சாவியை அழித்துவிடாதீர்கள்.

தன் நூல்களையே தன்னால் திறக்க முடியாத நிலை அல் கிந்திக்கும் வந்தது. கலீஃபா முதவக்கில் காலத்தில், பனூ மூஸா சகோதரர்களான முஹம்மதும் அஹ்மதும் அவர் மீது கோள் மூட்டினார்கள். அவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர், பெரும் கணித மேதைகள்தான். அறிவுள்ளவர்களையும் பொறாமை விடுவதில்லை. அல் கிந்தி அடிக்கப்பட்டார். அவருடைய நூலகம் முழுவதும் பறிக்கப்பட்டு, கிந்திய்யா என்ற பெயரில் தனியிடத்தில் அடைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும் அல்லது கடந்திருக்கும்.

மீட்சி ஒரு கால்வாயின் வழியாக வந்தது. சமர்ராவுக்கு அருகே முதவக்கில் கட்டிய ஜஃபரிய்யா நகருக்குக் கால்வாய் வெட்டும் பொறுப்பு பனூ மூஸாவிடம் இருந்தது. அவர்கள் அதை வானியல் அறிஞர் ஃபர்கானியிடம் விட்டார்கள். அவர் கால்வாயின் வாயை மற்ற பகுதியை விட ஆழமாக வெட்டிவிட்டதால், ஆறு தாழ்ந்தால் தண்ணீர் உள்ளே போகாது. சினம் கொண்ட கலீஃபா, உண்மையைப் பார்த்துச் சொல்லும்படி ஸனத் இப்னு அலீயை அழைத்தார். தவறு உறுதியானால் சகோதரர்களின் உயிர் போகும். அவர்கள் ஸனதிடமே ஓடி வந்தார்கள். ஸனதும் அல் கிந்தியும் பகைமை உள்ளவர்கள்தாம் என்றாலும், அவர் ஒரு நிபந்தனை வைத்தார். அல் கிந்தியின் நூல்கள் முதலில் திரும்பிப் போக வேண்டும்.

வாய்ச்சொல்லை ஸனத் ஏற்கவில்லை. எல்லாம் வந்து சேர்ந்தன என்று அல் கிந்தியே தன் கையால் எழுதிய சீட்டு வேண்டும் என்றார். நூல்கள் சுமந்து செல்லப்பட்டன. கடைசி நூல் வரை பெற்றுக்கொண்டதாக அல் கிந்தியின் கையெழுத்தில் சீட்டு வந்தது. அதைப் பார்த்த பிறகே, திஜ்லா நதியில் நீர் உயர்ந்திருக்கும் மாதங்களில் குறை வெளியே தெரியாது என்பதைச் சொல்லி, கால்வாயில் பிழை இல்லை என்று கலீஃபாவிடம் அறிவிக்க ஸனத் இசைந்தார். நீர் இறங்குவதற்கு முன்பே, 861இல், முதவக்கில் கொல்லப்பட்டார்.

அல் கிந்தி தன் நூல்களோடு பக்தாதில் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, 873 வாக்கில் அங்கேயே மறைந்தார்.