பால் குடத்தைக் காத்த பட்டேல்

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். மேலே போனதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். இரு பக்கமும் காபித் தோட்டங்கள் தெரியும். அங்கே ஒரு கடையில் சூடாகக் காபி வாங்கிக் குடித்தால், வந்த களைப்பு பறந்துவிடும்.

அந்தக் காபிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் சேர்வராயன் மலையில் காபிப் பயிரைக் கொண்டு வந்தவர்.

காபியில் கலந்த பாலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

காபிச் செடி வருஷத்துக்கு ஒரு முறைதான் பலன் தரும். மாடு அப்படி அல்ல. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று தினமும் பால் தரும். சொந்த நிலம் இல்லாதவர்கூட ஒரு மாட்டை வைத்துக் குடும்பத்தை நடத்தலாம். மலை மேலும் சரி, அடிவாரத்திலும் சரி, ஏழைக்கு மாடுதான் சொத்து.

ஆனால் பாலுக்கு ஒரு குறை உண்டு. அது காத்திருக்காது. காபிக் கொட்டையை மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும்போது விற்கலாம். பாலோ சில மணி நேரத்தில் திரிந்துவிடும். இதை வியாபாரி நன்றாக அறிவான். அவன் சொல்வதே விலை. மாட்டுக்காரன் வாய் திறக்க முடியாது.

இந்தக் கொடுமையை மாற்றிக் காட்டினார் ஒரு மனிதர். அவர் பெயர் திரிபுவன்தாஸ் பட்டேல்.

காந்தியின் தொண்டர்

குஜராத்தில் அன்றைய கேடா ஜில்லாவில் ஆனந்த் என்ற ஊர் இருந்தது. அங்கே 1903-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் திரிபுவன்தாஸ் பிறந்தார்.

அவர் வாலிபரான காலத்தில் நாடெங்கும் சுதந்திரப் போராட்டம் மூண்டு இருந்தது. காந்தி அடிகள் தொடங்கிய குஜராத் வித்யா பீடத்தில் அவர் படித்தார். படிப்போடு தேசபக்தியும் சேர்ந்துகொண்டது. கதர் உடுத்தினார். தீண்டாமையை எதிர்த்து வேலை செய்தார்.

1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் நடந்தது. அதில் சேர்ந்து சிறை சென்றார். பிறகு 1935-லும், 1942-லும் மீண்டும் சிறைவாசம். சர்தார் வல்லபாய் பட்டேலை அவர் தம் தலைவராக ஏற்றுக்கொண்டார்.

வெள்ளையரை எதிர்த்து நின்ற அந்த மனிதருக்கு, சொந்த ஜில்லாவிலேயே வேறொரு போராட்டம் காத்து இருந்தது.

ஒருவர் கையில் எல்லாம்

கேடா ஜில்லாவில் எருமைகள் அதிகம். அங்கே பால் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தது போல்சன் கம்பெனி. அதன் முதலாளி பம்பாயில் காபிப் பொடி விற்றுப் பெயர் எடுத்தவர். பிறகு வெண்ணெய் வியாபாரத்தில் இறங்கி, ஆனந்தில் பால் பண்ணை அமைத்தார்.

1945-ல் பம்பாய் சர்க்கார் நகர மக்களுக்கு நல்ல பால் கிடைக்க ஒரு திட்டம் போட்டது. ஆனந்தில் இருந்து பம்பாய்க்கு 400 கிலோ மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் பாலைக் கெடாமல் அனுப்பும் உரிமையைப் போல்சன் கம்பெனிக்குக் கொடுத்தார்கள்.

நகரத்தாருக்குப் பால் கிடைத்தது. கம்பெனிக்கு லாபம் கிடைத்தது. தரகர்களுக்கும் பங்கு கிடைத்தது. விடியற்காலையில் எழுந்து, சாணி அள்ளி, தீனி வைத்துப் பால் கறந்த குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? பழைய விலையேதான்!

விவசாயிகள் குமுறினார்கள். சர்தார் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள்.

சர்தார் அவர்களுக்கு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. நீங்களே சங்கம் அமையுங்கள், உங்கள் பாலை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று யோசனை கூறினார். சர்க்கார் இணங்காவிட்டால் பாலை நிறுத்த வேண்டி வரும், நஷ்டம் வரும், அதைத் தாங்க முடியுமா என்றும் கேட்டார். தாங்குவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள்.

15 நாள் சோதனை

சர்தார், மொரார்ஜி தேசாயைக் கேடாவுக்கு அனுப்பினார். 1946-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. கிராமம்தோறும் சங்கம் வைப்பது, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரு பெரிய சங்கம் அமைப்பது, சர்க்கார் அந்தச் சங்கத்திடமே பால் வாங்க வேண்டும் என்று கேட்பது. இப்படி முடிவு செய்தார்கள்.

சர்க்கார் மறுத்தது. விவசாயிகள் பாலை நிறுத்தினார்கள்.

இது எளிய காரியமா? ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் யந்திரம் நிற்கும். எருமை நிற்குமா? வேளை தவறாமல் கறந்தே ஆக வேண்டும். கறந்த பாலை விற்கவும் கூடாது. அன்றாடம் வருகிற காசு நின்றுவிட்டது. வீட்டில் குழந்தை குட்டிகள் இருந்தார்கள். கடைக்காரரிடம் பாக்கி ஏறியது. யாராவது ஒருவர் இரவோடு இரவாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், எல்லாம் பாழாகி இருக்கும்.

யாரும் போகவில்லை. பால் வீணாயிற்று. ஆனாலும் கம்பெனிக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. இப்படி 15 நாட்கள் கழிந்தன. பம்பாயின் பால் திட்டம் ஆட்டம் கண்டது. கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது.

கால்நடையாகச் சேர்த்த சங்கம்

போராட்டம் ஜெயித்தது. சங்கத்தை நடத்துவது யார்? அந்தப் பொறுப்பு திரிபுவன்தாஸ் தலையில் விழுந்தது. அவர் தட்டவில்லை.

கிராமம் கிராமமாக நடந்தார். திண்ணையில் உட்கார்ந்து பேசினார். பாலில் தண்ணீர் கலக்கக் கூடாது, கணக்கில் ஒரு காசு பிசகக் கூடாது, சங்கத்தில் எல்லோரும் சமம் என்று விளக்கினார். அவர் சிறை சென்ற தியாகி. தமக்கென்று எதுவும் கேட்காதவர். அதனால் மக்கள் அவரை நம்பினார்கள்.

1946 டிசம்பர் 14-ந் தேதி கேடா ஜில்லா பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 1948 ஜூன் மாதம் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியது. அப்போது அதில் இரண்டே கிராமச் சங்கங்கள். ஒரு நாளைக்குக் கிடைத்த பால் சுமார் 250 லிட்டர். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 400-க்கு மேற்பட்ட விவசாயிகள் சேர்ந்தார்கள். பால் 5 ஆயிரம் லிட்டராக உயர்ந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூட்டை கட்டிய என்ஜினீயர்

1949 மே மாதம் ஓர் இளைஞர் ஆனந்துக்கு வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியிலும், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர். சர்க்கார் செலவில் அமெரிக்கா சென்று திரும்பியவர். அவர் பெயர் வர்கீஸ் குரியன். ஆனந்தில் இருந்த சர்க்கார் வெண்ணெய் நிலையத்தில் அவருக்கு வேலை. ஊரும் பிடிக்கவில்லை, வேலையும் பிடிக்கவில்லை. எப்போது விடுதலை கிடைக்கும் என்று நாட்களை எண்ணினார்.

திரிபுவன்தாஸின் சங்கத்தில் பழைய யந்திரங்கள் அடிக்கடி கெட்டுப்போகும். பக்கத்தில் இருந்த குரியனைக் கூப்பிடுவார். அவரும் வந்து சரி செய்து கொடுப்பார். பழையதை ஒட்டுப் போட்டுப் பயன் இல்லை, புது யந்திரம் வாங்குங்கள் என்று ஒரு நாள் குரியன் கூறினார். சங்கத்தில் பணம் ஏது? திரிபுவன்தாஸ் தம் உறவினரிடம் கடன் வாங்கிப் பணத்தைக் கொண்டு வந்தார்.

குரியனின் ராஜினாமாவை சர்க்கார் ஏற்றது. அவர் மூட்டை கட்டினார். அப்போது திரிபுவன்தாஸ் அவரைத் தேடிப் போனார். புது யந்திரம் ஓடத் தொடங்கும் வரையிலாவது தங்கும்படி வேண்டினார். இரண்டு மாதம் இருப்பதாக குரியன் சம்மதித்தார். அந்த இரண்டு மாதம் முடியவே இல்லை. 2012-ல் கண் மூடும் வரை குஜராத்தே அவர் வீடு!

திரிபுவன்தாஸின் பெருமை இங்கேதான் தெரிகிறது. விவசாயிகளிடம் பேசுவதும், அரசியல் தொல்லை வராமல் பார்த்துக்கொள்வதும் தம் வேலை என்று வைத்துக்கொண்டார். தொழிற்சாலையைக் குரியனிடம் விட்டார். அதில் தலையிடவில்லை. தம்மைவிட இளையவர் புகழ் பெற்றபோது முகம் சுளிக்கவில்லை.

அமூல் பிறந்தது

குளிர் காலத்தில் எருமைகள் நிறையப் பால் தரும். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. மிச்சப் பாலை என்ன செய்வது? வெண்ணெயாக்கலாம், பவுடராக்கலாம். எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்தார்கள். குரியனின் நண்பர் தலாயா என்ற நிபுணர் அதைச் செய்து காட்டினார்.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி யந்திர உதவி செய்தது. 1955 அக்டோபர் 31-ந் தேதி, சர்தார் பட்டேலின் பிறந்த நாளில், பிரதமர் நேரு புதிய தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். சங்கத்தின் சரக்குக்கு அமூல் என்று பெயர் வந்தது. 1963-ல் திரிபுவன்தாஸ், குரியன், பம்பாய் பால் திட்டத்தின் குரோடி ஆகிய மூவருக்கும் மகசேசே பரிசு கிடைத்தது. மறு ஆண்டு திரிபுவன்தாஸுக்கு பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

ஒரே வரிசை

சங்கம் நடக்கும் விதம் எளியது. காலையிலும் மாலையிலும் குடத்தோடு வர வேண்டும். பாலை அளப்பார்கள். கொழுப்புச் சத்தைச் சோதிப்பார்கள். சத்துக்குத் தக்க விலை. ஒரு லிட்டர் கொண்டு வந்தவருக்கும், 20 லிட்டர் கொண்டு வந்தவருக்கும் ஒரே நியாயம். தேர்தலில் எல்லோருக்கும் ஒரே ஓட்டு.

வரிசையில் யார் முதலில் வந்தாரோ அவர் முன்னால் நிற்பார். மேல் சாதி, கீழ் சாதி என்ற பேச்சு இல்லை. எல்லாப் பாலும் ஒரே பாத்திரத்தில் கலந்தது. தீண்டாமையை எதிர்த்த திரிபுவன்தாஸுக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்?

1964-ல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்தார். ஒரு கிராமத்தில், விவசாயி வீட்டில் இரவு தங்கி, சங்கத்தின் பலனை நேரில் கண்டார். நாடு முழுவதும் இது போல வேண்டும் என்று விரும்பினார். 1965-ல் ஆனந்தில் தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. அந்த வழியில்தான் தமிழ்நாட்டிலும் கிராமப் பால் சங்கங்கள் பெருகின. 1981-ல் மாநில இணையம் அமைந்தது. ஆவின் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது.

ரூபாய் ரூபாயாக

1970-களில் திரிபுவன்தாஸ் தாமாகவே தலைவர் பதவியை விட்டார். சங்க உறுப்பினர்கள் ரூபாய் ரூபாயாகப் போட்டு, 6 லட்சம் ரூபாய் சேர்த்து அவருக்குக் கொடுத்தார்கள். அதில் அவர் வீடு கட்டிக்கொள்ளவில்லை. கிராமத்துத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்திய வசதி செய்ய ஓர் அறநிலையம் வைத்தார். பால் கறந்து ஊரை வளர்த்தவர்கள் அந்தத் தாய்மார்கள்தானே!

1994 ஜூன் 3-ந் தேதி, தமது 90-வது வயதில் அவர் காலமானார். 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, ஆனந்தில் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைத்தது. அதற்கு திரிபுவன் என்றே பெயர்.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் பொழுது விடியும்போது, ஒரு தாய் பால் குடத்தைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போகிறாள். திரிபுவன்தாஸ் என்ற பெயரை அவள் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் குடம் அளக்கப்படும்போது அவள் யாரிடமும் கெஞ்ச வேண்டியது இல்லை. கேடா விவசாயிகள் 15 நாள் பட்ட கஷ்டத்தின் பலன் அது.