கணக்குக் கொடுத்த கண்காணிப்பாளர்



ஜெர்மனியில் மாயர் என்பது மிகப் பரவலான குடும்பப்பெயர். பண்ணையைக் கண்காணிக்கும் பொறுப்பாளரைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது இது. நிலவைத் துல்லியமாக வரைந்த தோபியாஸ் மாயர், ஆற்றல் அழிவதில்லை என்னும் கருத்தை 1842-இல் வெளியிட்ட மருத்துவர் யூலியுஸ் ராபர்ட் மாயர் ஆகியோர் இப்பெயருக்குப் புகழ் சேர்த்தனர். இதே பெயர் கொண்ட ஒரு குருவை இன்று நினைவுகூர்வோம். அவரே அருளாளர் ரூபர்ட் மாயர்.

1876-இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்த இவர், 1899-இல் குருவாகி, அடுத்த ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் படைவீரர்களின் ஆன்மகுருவாகப் போர்முனையில் உழைத்தபோது, 1916-இல் படுகாயமுற்று இடது காலை இழந்தார். பின்னர் மியூனிக் நகர ஏழைகளைத் தேடிச் சென்றார். பயணிகள் திருப்பலியை இழந்துவிடக் கூடாதென்று, 1925 முதல் இரயில் நிலையத்திலேயே ஞாயிறு திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார்.

கத்தோலிக்கர் நாசியாக இருக்க முடியாது என்று 1923-லேயே துணிந்து கூறியவர் இவர். 1937-இல் அரசு இவருக்குப் பேச்சுத்தடை விதித்தது. ஆலயத்தில் மறையுரையைத் தொடர்ந்ததால் கைதானார். விடுதலையான பின் சபைத் தலைவர்களுக்குக் கீழ்ப்படிந்து மௌனம் காத்தார். அதைக் கோழைத்தனம் என்று எதிரிகள் ஏளனம் செய்யவே, அனுமதி பெற்று மீண்டும் பேசினார். மீண்டும் சிறை சென்றார். 1939-இல் மூன்றாம் முறை கைதாகி, சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்.

முகாமில் இவர் இறந்தால் மக்கள் மறைசாட்சியாகப் போற்றுவர் என்று அரசு அஞ்சியது. எனவே 1940-இல் எட்டால் துறவுமடத்தில் அடைத்து வைத்தது. அங்கே வதை இல்லை. ஆனால் மறையுரை இல்லை, மக்களுக்கு ஒப்புரவு அருள்சாதனம் வழங்கவும் வழியில்லை. மக்களுக்காகவே வாழ்ந்த குருவுக்கு, ஏறத்தாழ ஐந்தாண்டு நீடித்த அந்த மௌனமே சிறையைவிடப் பெரிய சிலுவையாயிற்று.

1945 மே மாதத்தில் விடுதலை பெற்று, இடிபாடாகிக் கிடந்த மியூனிக் திரும்பினார். அதே ஆண்டு நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாவன்று, புனித மிக்கேல் ஆலயத்தில் மறையுரையின் நடுவே பக்கவாதம் தாக்க, அன்றே இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் இவரை அருளாளராக உயர்த்தினார்.

தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட குரலை இறுதி மூச்சுவரை பயன்படுத்திக் கணக்குக் கொடுத்த கண்காணிப்பாளர் இவர். நமக்கும் குரல் தரப்பட்டிருக்கிறது. ஆனால் அநீதி கண்டும், பிழைப்புக்காகவும் பெயருக்காகவும் நாம் வாய்மூடி இருந்த நாள்கள் எத்தனை? நம்மைத் தடுத்தது எந்த அரசும் அல்ல, நமது அச்சமே. அந்த அச்சத்தை இன்று ஆண்டவரின் பாதத்தில் வைப்போம்.