தாம்பரத்தில் குடிசை, மேடையில் கம்பன்: கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா மாற்றியது என்ன?

எம்.எல்.ஏ.வாக இருந்தவர். ஆனா குடியிருந்தது தாம்பரத்தில் ஒரு குடிசையில. முதலமைச்சர் காமராஜர் அந்தக் குடிசைக்கே போய்ப் பார்த்த கதையை இன்னும் பலர் சொல்றாங்க. ஜீவாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த எளிமையோடயே முடிஞ்சிடும். அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரிசு.

1907-ல் பூதப்பாண்டியில் பிறந்த ப.ஜீவானந்தம், காங்கிரஸ், சுயமரியாதை இயக்கம் வழியாகக் கம்யூனிஸ்ட் ஆனவர். 1952-ல் வண்ணாரப்பேட்டையில் ஜெயிச்சார். சுயமரியாதைக்காரர்கள் கம்பராமாயணத்தைக் கொளுத்தணும்னு பேசியது 1940-களில். அவங்களோட ஒருகாலத்தில் இருந்த ஜீவாதான், பிறகு கம்பன் விழா மேடையேறி கம்பனைக் கொண்டாடினார். பாரதியையும் தொழிலாளிகள் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். ராமனைக் கும்பிடாமலே கம்பனை ரசிக்கலாம் என்பது அவர் வாதம். கூலி, வேலைநிறுத்தம் என்றே பேசிவந்த கட்சிக்கு இது புதுசு. ஸ்டாலின் கால சோவியத்தில் எழுத்தாளர் எதை எழுதணும்னு கட்சிதான் தீர்மானிச்சது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் துணிச்சல் புரியும்.

1959-ல் 'தாமரை' இதழ், 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றம். 1963 ஜனவரி 18-ல் ஜீவா காலமானார். மறு வருஷமே கட்சி ரெண்டாச்சு. பெருமன்றம் இந்திய கம்யூனிஸ்ட் பக்கம் நின்றது. மார்க்சிஸ்ட் கட்சி சார்பு எழுத்தாளர்கள் 1975-ல் தங்களுக்கென்று முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கினாங்க.