விட்டுப் போக நினைத்த நூலகர்

சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார் என்று நம் செயலாளர் கேட்டார். முப்பது வருஷம் நூலகராக இருந்து ஓய்வு பெற்று, ஐயப்பன்தாங்கலில் வீட்டோடு இருக்கிற எனக்கு வேறு என்ன தெரியும்? எங்கள் தொழிலுக்குத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் வகுத்த ஐந்து விதிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவரைக் கைதூக்கி விட்டவர்கள் யார், அவர் கைதூக்கி விட்டவர்கள் யார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர் ரங்கநாதன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். அங்கே எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் அவருக்கு வாய்த்தார். பிறகு மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்கு வாத்தியார் வேலை. 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பிள்ளைகளோடு பேசிப் பழகியவருக்கு, ஆள் வராத அலமாரிகளுக்கு நடுவில் உட்கார முடியவில்லை. கொஞ்ச நாளிலேயே மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய், பழைய வேலையே போதும் என்று நின்றார்.

முதல்வர் அவரை விரட்டவும் இல்லை, உடனே சேர்த்துக்கொள்ளவும் இல்லை. இங்கிலாந்து போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பாடம் நடத்திய பெர்விக் சேயர்ஸ், க்ராய்டன் ஊர் நூலகத்தின் தலைவரும்கூட. அவர் வகுப்போடு நிறுத்தவில்லை. நூலகம் நூலகமாகப் போய்ப் பார்க்கும்படி இவரைத் தூண்டினார். ஏழை, பணக்காரன், பெண்கள், குழந்தைகள் என்று எல்லோரும் அங்கே புத்தகம் எடுப்பதைப் பார்த்ததும் இவருக்கு மனசு மாறிவிட்டது. 1925-ல் ஊர் திரும்பியவர் பழைய வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நூலக வேலை அத்தனைக்கும் அடிப்படையான விதிகள் எவை என்று பிறகு அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். 1928-ல் முடிச்சை அவிழ்த்தவர் அதே ராஸ்தான். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்ற முதல் விதியை அந்தக் கணக்கு வாத்தியார் போகிறபோக்கில் சொல்ல, மற்ற நான்கும் பின்னாலேயே வந்தன. 1931-ல் அது புத்தகமாக வந்தபோது அறிமுகவுரை எழுதியவர் சேயர்ஸ். மாணவன் பட்டம் வாங்கிப் போன பிறகும் விடாமல் கூட வந்த ஆசிரியர்கள் இவர்கள்!

வாங்கிய கடனை ரங்கநாதன் தன் இளையவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். 1929-ல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் பயிற்சி வகுப்பு தொடங்கினார். 1940-லும் 1941-லும் வந்த நூலின் இரண்டு பாகங்களில் தன் பெயருக்குப் பக்கத்திலேயே உதவியாளர்கள் சுந்தரம், சிவராமன் பெயர்களையும் போட்டார். 1956-ல் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1962-ல் பெங்களூரில் தொடங்கிய ஆவணப் பயிற்சி மையத்தில், எழுபது வயதிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விவாதித்தார். 1972-ல் அவர் காலமானார். அவருடைய கோலன் பகுப்பு முறையின் ஏழாம் பதிப்பு 1987-ல் வந்தது. அதைத் திருத்தி முடித்தவர் அவர் மாணவர் எம்.ஏ.கோபிநாத். அடுத்த ஆளைத் தயார் செய்தவருடைய வேலை பாதியில் நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதையெல்லாம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று மேடையில் பேசியவன்தான் நான். ஆனால் என்கிட்ட உதவியாளராகச் சேர்ந்த ஒரு பையன், பகுப்பு எண் போடுவது புரியலை சார் என்று மூன்று தடவை வந்து நின்றபோது, புத்தகத்தைப் பார்த்துக்கோப்பா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலாவது தடவை அவன் வரவில்லை. ஆறு மாதத்தில் வேலையையே விட்டுவிட்டான். ரங்கநாதனும் அப்படித்தான் ஒரு கதவு முன்னால் போய் நின்றார். அவருக்கு அந்தக் கதவு திறந்தது. இவன் வந்து நின்ற கதவு நான். அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் பள்ளி, கல்லூரி நூலகங்களில் வேலை பார்க்கும் மூன்று பேர் என் வீட்டுக்கு வருகிறார்கள். காபி குடித்துக்கொண்டே அந்த மாதம் எதில் மாட்டிக்கொண்டார்கள் என்று பேசுவோம். கணினி விஷயத்தில் அவர்கள்தான் எனக்கு வாத்தியார்.

அன்பு நண்பர்களே, நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் சரி, இந்தச் சந்திப்பு முடிந்து ஊருக்குப் போவதற்குள் நம்ம மாணவர் ஒருவரோடு பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போங்கள். தம்பி தங்கைகளே, நீங்களும் கூச்சப்படாமல் வந்து கேளுங்கள். நாலாவது தடவையும் கேளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!