லட்சுமிநரசு செட்டியாரின் மகஜர்

வாழப்பாடிப் பக்கத்துக் குடியானவர் ஒருவருக்கு ஏரி வாய்க்காலைப் பற்றியோ, பாக்குத் தோப்புக்குப் போகும் பாதையைப் பற்றியோ ஒரு குறை உண்டானால், மனு ஒன்று எழுதிக்கொண்டு சேலத்துக்குப் புறப்படுகிறார். ஜில்லாத் தலைநகரம் சேலம். சட்டசபைத் தொகுதி ஏற்காடு. மக்களவைத் தொகுதியோ கள்ளக்குறிச்சி. எந்தக் குறையை எவரிடம் சொல்வது என்று திகைப்பதிலேயே பாதிப் பொழுது கழிகிறது. மனுவுக்குக் கிடைத்த ரசீதை மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர், இனித் தாம் செய்யத்தக்கது யாதொன்றுமில்லை என்று எண்ணி அமைந்துவிடுகிறார். இவர் கையிலே ஒரு வோட்டு இருக்கிறது. வோட்டு என்பதே இந்நாட்டில் ஒருவரிடமும் இல்லாதிருந்த காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்த பார்லிமெண்டைச் சேலம் ஜில்லாக் குடிகளின் துயரைக் கேட்கச் செய்த ஒருவர் வாழ்ந்தார். அவர்தாம் சென்னை வர்த்தகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

1806-ம் வருஷம் சென்னையில் பிறந்த செட்டியார் பெரிய படிப்பாளி அல்லர். தந்தையார் சித்துலு செட்டியார் அவுரியும் துணியும் விற்ற வியாபாரி. மகனும் அத்தொழிலிலேயே இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். அவருடைய காலத்துத் தனவந்தர்கள் துரைமாரின் தயவை நாடி நின்றார்கள். செட்டியாரோ தம் பணத்தில் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கி, அதற்குக் 'கிரஸெண்ட்' என்று பெயரிட்டு, 1844-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி முதல் இதழை வெளியிட்டார். சர்க்காருக்கு அது பிடிக்கவில்லை. அரசாங்கக் கல்விச்சாலைகளில் பைபிளைப் பாடநூலாக்க நடந்த முயற்சியை அப்பத்திரிகை வன்மையாக எதிர்த்தது. ஜனங்களின் எதிர்ப்பைக் கண்டு அம்முயற்சி கைவிடப்பட்டது. பலர் கூடிச் சொன்னால் சர்க்காரின் செவியும் திறக்கும் என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

கம்பெனியாரின் சாசனம் இருபது வருஷங்களுக்கு ஒருமுறை பார்லிமெண்டில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1833-ம் வருஷத்துச் சாசனத்தின் தவணை முடியும் சமயம் நெருங்கிற்று. கேட்க வேண்டுவதைக் கேட்பதற்கு உகந்த காலம் இதுவே என்று உணர்ந்த செட்டியார், 1852-ம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். முதலில் அது கல்கத்தாச் சங்கத்தின் கிளையாகவே இருந்தது. ஆனால் வங்காளத்து ஜமீன்தார்களின் குறை வேறு, சென்னை ராஜதானியின் ரயத்துடைய குறை வேறு என்பது சில மாதங்களிலேயே விளங்கவே, சங்கம் தனித்து இயங்கத் தொடங்கிற்று. பிறர் எழுதியதில் கையொப்பமிடுவதினும், தம் ஊர்க் குறையைத் தாமே எழுதுவது மேல் என்பது அவர்கள் துணிபு.

அவ்வருஷ முடிவில் முதல் மகஜர் இங்கிலாந்துக்குச் சென்றது. வரிப்பளு, வசூலில் நடக்கும் கொடுமை, நீதிமன்றங்களின் தாமதம், பாதையும் பாலமும் இல்லாமை, நீர்ப்பாசனம், கல்வி ஆகிய யாவும் அதில் இருந்தன. எல்லாம் இருந்ததே அதன் குறையென்று நமக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் கேட்பவனிடம், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. பார்லிமெண்டும் ஏறக்குறைய அப்படியே செய்தது. 1853-ம் வருஷத்துச் சாசனச் சட்டம் கம்பெனியின் ஆட்சியைத் தொடரவிட்டது.

மற்றொருவராயின் இத்துடன் மனம் சலித்திருப்பார். செட்டியார் வேறு வழி தேடினார். அவ்வருஷம் லண்டனில் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. அதன் தலைவர் ஹென்றி டான்பி ஸீமோர், பூல் என்னும் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர். சென்னைக் குடிகளுக்கு அவர் பிரதிநிதி அல்லர். அவர்களால் அவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. எனினும் கேட்கச் சித்தமாயிருந்தவர் அவரே. 1853-ம் வருஷம் அக்டோபரில் அவர் சென்னைக்கு வந்தபோது, செட்டியாரும் சங்கத்தாரும் மாலையிட்டு விருந்தளித்து அனுப்பிவிடவில்லை. குண்டூர், கடலூர், திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி என்று உள்நாட்டு ஜில்லாக்களின் நிலையை அவர் நேரில் காணச் செய்தார்கள்.

சேலத்தை அவர் கண்டதில் ஒரு பொருத்தம் இருந்தது. 1792-ம் வருஷம் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தபோது, ரீடும் மன்றோவும் ரயத்துவாரி முறையைப் பரீட்சித்த சீமை இதுவே. இடையே ஜமீன்தார் இன்றிக் குடியானவன் நேரே சர்க்காருக்கு வரி செலுத்துவான் என்பது ஏட்டில் நன்றாகவே இருந்தது. நடைமுறையில் அவன் கண்ட சர்க்கார் தாசில்தாரும் அவருடைய சேவகர்களுமே. 1816-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அந்தத் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவரானார். வரி வாங்குகிறவரும் அவரே, அடிக்கிறவரும் அவரே, அடித்ததைப் பற்றிய புகாரைக் கேட்கிறவரும் அவரே என்றாயிற்று. வரி கட்டத் தவறியவனின் விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால் விரல்களையும் கயிற்றால் இணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். இவ்விரண்டு சொற்களும் பின்னர் இங்கிலீஷ் அறிக்கைகளிலேயே ஏறிவிட்டன.

ஸீமோர் ஊர் திரும்பிய பின் வேறுவகை மனிதராயிருந்தார். 1854-ம் வருஷம் ஜூலை மாதம் காமன்ஸ் சபையில் பிளாக்கெட் என்னும் அங்கத்தினர் சென்னை ராஜதானியின் குடிகளைப் பற்றிய பிரேரணையைக் கொண்டுவந்தபோது, ஸீமோர் தாம் இந்தியாவில் அறிந்ததைச் சபையிலே எடுத்துரைத்தார். அவ்வாறு ஒன்றுமே நடப்பதில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. நேரில் சென்று வந்தவர் சொல்வதை முற்றும் தள்ள இயலாமற் போயிற்று, விசாரணைக்கு உத்தரவாயிற்று. எல்லியட், ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரும் கமிஷனர்களாக அமர்ந்தார்கள்.

துன்புற்றோர் முறையிடலாம் என்ற அறிவிப்பு ராஜதானியெங்கும் வெளியாயிற்று. அதன்மேல் நேரில் வந்து முறையிட்டவர்கள் 519 பேர். கடிதம் அனுப்பியவர்கள் 1,440 பேர். 1855-ம் வருஷத்துக் கமிஷன் அறிக்கை, வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை உண்டென்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அது எவ்வளவு நியாயம் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. ஆயினும் அவ்வறிக்கையில் நம் மனத்தைத் தைப்பது மற்றொரு பகுதி. சித்திரவதை நடக்கிறது என்பதைக் காட்டிலும், அதற்குப் பரிகாரம் தேடுவது அவ்வளவு கடினமாயிருக்கிறது என்பதே தங்களை அதிகமாக வருத்தியதென்று கமிஷனர்கள் எழுதினார்கள். கலெக்டரிடம் போகத் தொலைவும் செலவும் தடை. போனாலும் மனு திரும்பவும் தாசில்தாரிடமே வரும். வந்தபின் மனுதாரனின் கதி என்ன என்பது ஊரறிந்தது. வாழப்பாடியிலிருந்து சேலத்துக்குச் சுமார் 20 மைல். அன்று ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இந்த 20 மைலை நடந்து போய் வந்து, அடுத்த வாரமே அதே தாசில்தாரின் கச்சேரி வாசலில் நிற்க வேண்டியிருந்தவன் வாய் திறவாதிருந்ததில் வியப்பென்ன?

செட்டியார் அத்துடனும் நிற்கவில்லை. கம்பெனி ஆட்சியையே முடித்து, ஆட்சியை இங்கிலாந்து அரசியார் நேரே ஏற்க வேண்டுமென்று கேட்ட இரண்டாவது மகஜரில் 14,000 பேர் கையொப்பமிட்டார்கள். ஆட்சி 1858-ம் வருஷம் கைமாறிற்று. அதற்குப் பெரிய காரணம் 1857-ம் வருஷத்துப் போராட்டமேயன்றி மகஜர் அன்று, இதை மறைப்பதற்கில்லை. ஆனால் 1859-ம் வருஷத்துச் சென்னைப் போலீஸ் சட்டம், வரி வசூலிப்பவரின் கையிலிருந்து போலீஸைப் பிரித்தது அந்தக் கமிஷனின் பயனே. தாசில்தார் தாசில்தாராக மட்டும் ஆனார்.

மனுச் செய்வது பிச்சையெடுப்பதற்கு ஒப்பாகும் என்று பின்னாளில் தீவிரவாதிகள் ஏளனம் செய்தார்கள். சுயராஜ்யத்தை மனுவால் பெற முடியாது என்ற அளவில் அவர்கள் கூறியது சரியே. செட்டியாரை அவ்வரிசையில் நிறுத்துவதோ தவறு. பிச்சை கேட்கிறவன் கொடுப்பவரின் இரக்கத்தை நம்புகிறான். செட்டியார் இரக்கத்தை நம்பவில்லை, சாட்சியத்தை நம்பினார். எந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு, அச்சபை எப்போது கூடுகிறது, அங்கே எவர் காது கொடுப்பார் என்பதை விசாரித்து அறிந்து, அவர் கண்முன் கொண்டுபோய் நிறுத்தினார். மறுப்பு வந்தபோது அடுத்த மகஜரை எழுதினார்.

1863-ம் வருஷம் அவர் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினரானார். ஆனால் வியாபாரத்தில் சேர்த்த செல்வம் பத்திரிகையிலும் சங்கத்திலும் கரைந்துபோயிருந்தது. 1868-ம் வருஷம் அவர் காலமானபோது வறியவராகவே இருந்தார். சங்கமும் அதற்கு முன்பே ஓய்ந்துபோயிற்று. அது விட்ட இடத்திலிருந்து தொடங்க 1884-ம் வருஷம் சென்னை மகாஜன சபை எழுந்தது. மறு வருஷம் இங்கிலாந்தில் பொதுத் தேர்தல் வந்தபோது, அந்நாட்டு வாக்காளர்களிடமே இந்தியாவின் வழக்கை எடுத்துரைக்கக் கப்பலேறிய மூவரில், பம்பாயின் சந்தாவர்க்கரோடும் வங்காளத்து மன்மோகன் கோஷோடும் சென்னையின் சார்பாகச் சென்றவர் சேலம் ராமசாமி முதலியார்.