வரிசையைக் கலைத்த ஆசிரியர்

இருபத்தேழு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். அவற்றில் முதல் பதினோர் ஆண்டுகள் கால்பந்தை எப்படிக் கற்பித்தேன் என்பதை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பந்து ஒன்று. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விசில் ஊதுவேன். முதலில் நிற்பவர் பந்தை உதைத்துவிட்டு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எனக்கும் இப்படித்தான் கற்பித்தார்கள் என்பதால், இதில் தவறு இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு சிறுமியைக் கவனித்தேன். பாடவேளை முடிவதற்குள் அவள் காலில் பந்து மூன்று முறைதான் பட்டது. மற்ற நேரமெல்லாம் கால் கட்டைவிரலால் செம்மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். கால்பந்து என்ற பெயரில் அவளுக்கு நான் காத்திருக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அந்த ஆண்டில்தான் செய்யது அப்துல் ரஹீமைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 2024இல் வெளிவந்த ‘மைதான்’ இந்தித் திரைப்படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் பலருக்கும் அறிமுகமாகியிருக்கிறது. இந்தியக் கால்பந்து அணியின் மகத்தான பயிற்சியாளர் என்று எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு செய்தி. அவர் பள்ளிக்கூட வாத்தியார்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாதில் பிறந்தார். புதுக்கோட்டையைப் போலவே அன்றைய ஹைதராபாதும் ஒரு சமஸ்தானம். இரண்டின் தனியாட்சியும் 1948இல்தான் முடிவுக்கு வந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணிக்காக ஆடிய ரஹீம், பிறகு ஆசிரியப் பணிக்கு வந்தார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று நகரின் பல பள்ளிகளில் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பிந்தைய இரு பள்ளிகளிலும் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1940களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானவர், இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். சங்கச் செயலாளர் என்றால் கோப்பையை வழங்கிப் புகைப்படத்துக்கு நிற்பவர் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. அவர் அந்தப் பதவியைச் சிறுவர்களுக்கான புதுவகை ஆட்டங்களை நடத்தப் பயன்படுத்திக்கொண்டார்.

அக்காலத்து இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். திறமைசாலி என்றால், பந்து கையில் கிடைத்த குழந்தைபோல அதை யாருக்கும் தராமல் நாலு பேரை ஏமாற்றிக் கொண்டுபோகிறவன் என்று பொருள். பார்வையாளர்களும் அதற்குத்தான் கைதட்டினார்கள். இப்பழக்கத்தை அறிவுரையால் மாற்ற முடியாது என்பது ரஹீமுக்கு வகுப்பறை கற்றுக்கொடுத்த பாடமாக இருந்திருக்க வேண்டும். அவர் ஆட்டத்தின் விதியை மாற்றினார். பந்தைக் கடத்திக்கொண்டு ஓடக் கூடாது, வந்த பந்தை உடனே இன்னொருவருக்குத் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு போட்டிகள் நடத்தினார். வலுக்குறைந்த காலைப் பயன்படுத்தியே தீர வேண்டிய ஆட்டங்களையும் ஆடவைத்தார்.

இந்த விதிகள் என்ன செய்கின்றன என்பது மைதானத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். பந்தை வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்றால், பந்து வருவதற்கு முன்பே பையன் தலையைத் தூரக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். பந்து இல்லாதவனும் சும்மா நிற்க முடியாது. வாங்கிக்கொள்ள வசதியான இடத்துக்கு ஓடியாக வேண்டும். தலையைத் தூக்கு, இடத்துக்கு ஓடு என்று ஆசிரியர் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. வலதுகாலே எல்லாம் என்றிருந்தவன் இடதுகாலால் மட்டும் கோல் போட வேண்டும் என்னும்போது முதல் நாள் சிரிப்பான், இரண்டாம் நாள் எரிச்சலடைவான், ஒரு மாதத்தில் அவனை மறிப்பவனுக்கு அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாமல் போகும். கற்பிக்கும் வேலையை விதி ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கிறது.

துளசிதாஸ் பலராமின் கதை இதோடு சேர்ந்தது. செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் ஏழைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். உள்ளூர் ஆட்டமொன்றில் அவரைக் கண்டெடுத்த ரஹீம் பயிற்சிக்கு அழைத்தபோது, அன்றாடம் ஹைதராபாத் வந்துபோக வழியில்லாமல் பலராம் தயங்கினார். சைக்கிளில் வந்துபோக ரஹீமே உதவினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் அந்தப் பையனுடையது. நானும் எத்தனையோ நல்ல காலுள்ள பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு என்பதால் அவர்களில் பலர் பயிற்சிக்கு நிற்காமல் போனார்கள். அவர்களை அப்படியே போகவிட்டேன். சைக்கிளைப் பற்றி எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

வெற்றிகளின் பட்டியல் பெரியது. அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கியது. குளிரிலும் ஈரத்திலும் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. அதன்பின் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்பர்னில், ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்கு வந்த இந்திய அணி, நான்காம் இடம் பிடித்தது. ரோமுக்குச் சென்ற அணியில் நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூரின் சைமன் சுந்தரராஜும் இருந்தார் என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின்போது ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி; தையல் போட வேண்டியதாயிற்று. தடுத்தாடும் இடத்தில் இனி தலையால் முட்ட முடியாத அவரை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், அரங்கில் கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக இருந்தது. செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே தென்கொரியா. பி.கே.பானர்ஜி ஒரு கோல், தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் கம்பங்களுக்கு நடுவே பீட்டர் தங்கராஜ். இந்தியா 2-1 என வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியாவுக்குத் தங்கம் இல்லை.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார். வயது 53. அவர் மகன் செய்யது ஷாஹித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். பின்னாளில் பயிற்சியாளராகவும் நடுவராகவும் பணியாற்றினார். ஆனால், தந்தை பள்ளிச் சிறுவர்களிடம் தொடங்கியதை நிறுவனமாக ஆக்கி வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. கோப்பைகளை எண்ணி வைத்தோம். அந்த ஆட்டங்களின் விதிகளை எழுதி வைக்கவில்லை. குழந்தைகளைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்துச் சிறிய மைதானத்தில் ஆடவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையான பிறகு, 2018இல்தான் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ‘கோல்டன் பேபி லீக்’ ஆட்டங்களைத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இன்னொரு விநோதமும் உண்டு. 2007 வாக்கில் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் பெஞ்சை விட்டு இறங்கி, தரையில் அட்டைகளைப் பரப்பிக் கணக்குப் போட்டார்கள். வகுப்பறைக்குள் வரிசை கலைந்த அதே காலத்தில் மைதானத்தில் நாங்கள் வரிசையைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தோம். அதுவும் மைதானத்துக்கு விட்டால்தான். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளை. தொடக்கப் பள்ளிகளிலோ பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. கால் பழகுவதற்கு ஏற்ற ஆறு முதல் பத்து வயது, இப்படி யார் பொறுப்பிலும் இல்லாமல் கழிந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற பின் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி மைதானத்தில் மாலை நேரங்களில் இந்த வயதுப் பிள்ளைகளோடு விளையாடுகிறேன். ரஹீமின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு வயதுக் குழந்தையிடம் பந்தை உடனே தந்துவிடு என்பது பொம்மையைப் பிடுங்குவது போன்றது. அந்த வயதில் பந்து அதனுடன் இருக்கட்டும். ஆகவே கிளித்தட்டை எடுத்துக்கொண்டேன். கோடுகளில் நிற்பவர்கள் வழி மறிக்க, கட்டங்களைக் கடந்து போய்த் திரும்ப வேண்டிய நம் பழைய விளையாட்டுதான். கடப்பவர் காலில் ஒரு பந்து, அவ்வளவுதான் மாற்றம். உடலை ஒருபக்கம் சாய்த்து மறுபக்கம் நழுவுவது கிளித்தட்டு ஆடிய பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். பந்தோடு அதைச் செய்வதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். நொண்டி ஆடியவர்களுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் பலம் இருப்பதால் பந்தை உதைக்கும்போது தடுமாறுவதில்லை. ஒன்பது, பத்து வயதுக்காரர்களுக்கு நாலுக்கு நாலு என்று பிரித்து, இரண்டு தொடுதலுக்குள் பந்தைத் தர வேண்டும் என்று விதி வைக்கிறேன். அங்கே ரஹீம் வந்துவிடுகிறார்.

பந்துகள் இப்போது ஏழு இருக்கின்றன. இரண்டு, பழைய துணியை இறுக்கிக் கட்டியவை. சென்ற வாரம் கிளித்தட்டில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி கடைசிக் கோடுவரை வந்து, மறித்து நின்ற அண்ணனை ஏமாற்ற முடியாமல் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் முறை வலதுபக்கம் சாய்ந்தவள், பந்தை இடதுகாலால் தட்டிவிட்டு அவனைக் கடந்து ஓடிவிட்டாள். இருட்டிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றேன். நாளைக்கு என்ன விளையாட்டு என்று கேட்டாள். இடதுகால் ஆட்டம் என்று சொல்லி அனுப்பினேன்.